குஞ்சுக்குத் தீனி தயாரா? அப்புறம் ஜோடி சேர்க்கலாம்

பீட்டா மீனை, அதாவது நாம் ஃபைட்டர் என்று கூப்பிடுகிற மீனை, முட்டையிட வைப்பது பெரிய வித்தை இல்லை. ஆணும் பெண்ணும் நல்ல உடம்போடு இருந்தால் மிச்சத்தை அவையே பார்த்துக்கொள்ளும். முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். அதன் பிறகு இரண்டு மூன்று நாள், குஞ்சுகள் ஆண் நுரையால் கட்டிய கூட்டுக்கு அடியில் வால் கீழே தொங்க, வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவை வைத்தே காலம் தள்ளும். எப்போது படுக்கைவாட்டில் நீந்த ஆரம்பிக்கின்றனவோ, அந்த நிமிடத்திலிருந்து பசி. அந்த வாய்க்குள் போகும் அளவுக்குத் தீனி கையில் இருந்தாக வேண்டும்.

என் முதல் ஈடு அங்கேதான் போனது. நூறுக்கும் மேல் குஞ்சுகள், ஒவ்வொன்றும் ஒரு கமா அளவு. என்னிடம் இருந்தது பெரிய மீனுக்கான குருணைத் தீனி மட்டும். பதற்றத்தில் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் கசக்கிவிட்டேன். மறுநாள் தொட்டி பால்போலக் கலங்கி நாறியது. மூன்றாம் நாள் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

அதனால் இப்போதெல்லாம் ஜோடி சேர்க்கும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே வேலையைத் தொடங்கிவிடுவேன். முதல் வேலை மைக்ரோவார்ம், குஞ்சின் வாய்க்குள் போகும் அளவுக்குப் பொடிப் புழு. ஓட்ஸைக் கெட்டிக் கஞ்சியாகக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு விரல் உயரத்துக்கு ஊற்றுங்கள். மேலே ஒரு சிட்டிகை ஈஸ்ட், அதன் மேல் வேறொரு மீன் வளர்ப்பவரிடம் வாங்கிய விதைப்புழு ஒரு கரண்டி. மூடியில் ஊசியால் நாலைந்து ஓட்டை. அவ்வளவுதான். நாலைந்து நாளில் கஞ்சியின் மேற்பரப்பு லேசாக நெளியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் டப்பாவின் சுவரில் பனி படிந்ததுபோல் புழுக்கள் ஏறி நிற்கும். அதை விரலால் வழித்துத் தொட்டியில் அலச வேண்டியதுதான், கஞ்சி கலக்காது.

எப்போதும் இரண்டு டப்பா வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஒன்று புளித்து, நீர்த்துப் போய்விடும். அதற்குள் அதிலிருந்து எடுத்து அடுத்ததைத் தொடங்கிவிட வேண்டும். டப்பா மேல் பெரிதாக எழுதியும் வையுங்கள். என் வீட்டில் ஒருமுறை அதைக் கெட்டுப்போன கஞ்சி என்று நினைத்து யாரோ சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். கோபப்படவும் முடியவில்லை, அது கெட்டுப்போன கஞ்சியேதான்.

இன்ஃபுசோரியாவுக்கு, அதாவது தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்களுக்கு, மெனக்கெட வேண்டாம். பழைய தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, வாடிய கீரை இலை ஒன்றைப் போட்டு, வெளிச்சம் படும் இடத்தில் வைத்தால் போதும். முதலில் கலங்கும், சில நாளில் தெளியும். தெளிந்த பிறகு பயன்படுத்துங்கள்.

ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி இறாலின் முட்டையை மட்டும் முன்கூட்டியே ஒரு தடவை பொரித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் கல்லுப்பு, 28 டிகிரி சூடு, அடியிலிருந்து காற்று. ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரிய வேண்டும். ஈரம் பட்ட பழைய முட்டையாக இருந்தால் பொரியாது. அது குஞ்சு பசியோடு இருக்கும் நாளில் தெரியவந்து என்ன பயன்? பொரிந்ததும் காற்றை நிறுத்தி ஒரு பக்கம் விளக்கைக் காட்டினால் குட்டிகள் அங்கே திரளும், வெற்று ஓடு மேலே மிதக்கும். குட்டிகளை மட்டும் குழாயால் உறிஞ்சி நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் உப்பித் தெரியும். எனக்கு அதைப் பார்ப்பதில்தான் பாதி சந்தோஷம்.

தொட்டி 20 லிட்டரிலிருந்து 40 லிட்டருக்குள் இருக்கட்டும், தண்ணீர் 12 சென்டிமீட்டர் உயரம் போதும். கூட்டிலிருந்து நழுவி விழும் முட்டையையும் குஞ்சையும் ஆண்தான் வாயில் பொறுக்கி மேலே கொண்டுபோகும். ஆழம் கூடினால் அதற்குத்தான் அலைச்சல். அடியில் மணல், கல் எதுவும் வேண்டாம், புழு அதற்குள் புகுந்து அழுகும். குளோரின் போக்கிய தண்ணீர், 27–28 டிகிரியில் நிற்கும் ஹீட்டர், பெண் ஒளிந்துகொள்ள ஒரு பெரிய கொத்து ஜாவா மாஸ் என்ற நீர்ப்பாசி, காய்ந்த பாதாம் இலை ஒன்று. தெர்மாகோல் கப்பை நெடுக்காகப் பாதியாக வெட்டி, தண்ணீர் மட்டத்தில் ஒரு மூலையில் ஒட்டிவிடுங்கள். பெரும்பாலும் அதற்கு அடியில்தான் ஆண் நுரைக்கூடு கட்டும்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் புதிதாக வாங்கி அன்றே போடாதீர்கள். மீன் இருக்கும் வேறு தொட்டியில் ஒரு மாதம் ஓடியதாக இருந்தால்தான் அம்மோனியாவைச் சமாளிக்கும். காற்றையும் குமிழியை எண்ணுகிற அளவுக்குக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் கூடு கலைந்துவிடும். மேலே பிளாஸ்டிக் தாளால் இறுக்கமாக மூடுவது அலங்காரத்துக்கு அல்ல. குஞ்சுக்குச் சில வாரத்தில் லாபிரின்த் என்ற மூச்சு உறுப்பு வளர்ந்து, மேலே வந்து காற்றை விழுங்கும். அப்போது அந்தக் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும்.

ஜோடியைத் தனித்தனியாக வைத்து இரண்டு வாரம் உயிர்த்தீனி கொடுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. கொசுப்புழு பிரமாதமான தீனி, ஆனால் தின்று தீர்க்கிற அளவுக்கு மட்டும் போடுங்கள். மிஞ்சினால் அது கொசுவாகி உங்களைத் தின்னும். பெண்ணின் வயிறு உருண்டு, அடியில் உப்புக்கல் போல ஒரு வெள்ளைப் புள்ளி துருத்தினால் நல்ல அறிகுறி. ஆணைப் பார்த்ததும் பெண்ணின் உடம்பில் செங்குத்துக் கோடுகள் விழுந்தால் தயார் என்று அர்த்தம். படுக்கைக் கோடு என்றால் பயம், இன்னும் பொறுங்கள். துடுப்பு குட்டையான ஆணைப் பெண் என்று நினைத்து நான் ஒருமுறை பத்து நாள் கவனித்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு கணக்கு பாட்டில்கள். இரண்டு மாதம் தாண்டினால் ஆண்கள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும், ஒவ்வொன்றுக்கும் தனி இருப்பிடம் வேண்டும். என் இரண்டாவது ஈட்டில் தேறியவற்றில் 31 ஆண். 31 பாட்டில், 31 தண்ணீர் மாற்றம். அலமாரியில் அவ்வளவு இடமோ, வாங்கிக்கொள்ள ஆளோ இல்லாவிட்டால் இந்த முறை விட்டுவிடுங்கள்.

சரி, எல்லாம் ஆயிற்று. ஆணைத் தொட்டியில் விட்டு, பெண்ணை அடிவெட்டிய கண்ணாடி பாட்டிலுக்குள் அதே தொட்டியில் நிறுத்தி வைப்பேன். ஒன்றிரண்டு நாளில் கப்புக்கு அடியில் நுரை திரண்டுவிடும். பாட்டிலைத் தூக்குவதற்கு முன் மைக்ரோவார்ம் டப்பாவைத் திறந்து ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். சுவரில் புழு ஏறாமல் இருந்தால் பெண் தன் பழைய தொட்டிக்கே திரும்பும். ஆண் இரண்டு நாள் மாய்ந்து மாய்ந்து கட்டிய கூடு வீண்தான், அடுத்த வாரம் இன்னொன்று கட்டிக்கொள்ளட்டும்.