வெப்சைட் போடறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு வாங்குங்க

மேற்கு மாம்பலத்துல எங்க அக்கா ஆரி ஒர்க் ப்ளவுஸ் கடை வச்சிருக்காங்க. அவங்களுக்கு ரெண்டாவது தடவையா வெப்சைட் பண்ணி குடுத்தேன், அத வச்சு தான் இத எழுதறேன். உங்களோடது மெஸ்ஸா இருந்தாலும் ட்யூஷன் சென்டரா இருந்தாலும் வழி இதே தான்.

கலர், லோகோ எல்லாம் அப்புறம். இந்த சைட்டால என்ன நடக்கணும்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. அக்காகிட்ட கேட்டா "எல்லாமே வேணும்டா, எங்களைப் பற்றி, கேலரி, ஆஃபர்"னாங்க. நான் ஒரு நாப்பது பக்க நோட்ட குடுத்து, ஒரு வாரம் போன்ல யார் என்ன கேட்டாலும் எழுதி வை அக்கான்னு சொன்னேன். பாத்தா திரும்பத் திரும்ப அஞ்சே கேள்வி தான்: எவ்ளோ ஆகும், எத்தனை நாள்ல கிடைக்கும், அளவு ப்ளவுஸ் குடுத்தா போதுமா, லைனிங் நாங்க வாங்கணுமா, துரைசாமி சப்வேலேர்ந்து எப்படி வரணும். "எங்களைப் பற்றி" ஒருத்தர் கூட கேக்கல! அந்த அஞ்சு பதிலும் ஒரு வாட்ஸ்அப் பட்டனும், அவ்ளோ தான் முதல் பக்கம். ரேட்ட தயவுசெஞ்சு மறைக்காதீங்க, "இவ்வளவுலேர்ந்து ஆரம்பம்"னாவது போடுங்க, ரேட் தெரியலன்னா பாதி பேர் அடுத்த கடைய தேடி போயிடுவாங்க.

டொமைன, அதாவது சைட்டோட முகவரிய, உங்க பேர்ல, உங்க மெயில் ஐடில வாங்குங்க. முதல் சைட் பண்ணவர் அவர் பேர்ல வாங்கிட்டாரு, அப்புறம் போனே எடுக்கல, அக்கா அந்த பேரையே விட்டுட்டு புதுசா வாங்க வேண்டியதா போச்சு, பில் புக்ல விசிட்டிங் கார்டுல எல்லாம் பழைய பேரு. எனக்கு இன்னும் ஆறல. சைட் முகவரிக்கு https பாதுகாப்பு தர்ற எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு தனியா காசு குடுக்காதீங்க, லெட்ஸ் என்க்ரிப்ட்ங்கற அமைப்புல ஃப்ரீயாவே கிடைக்குது.

அடுத்தது போட்டோ. போன்ல எடுத்தத அப்படியே ஏத்தினா ஒவ்வொண்ணும் நாலஞ்சு எம்பி இருக்கும். அகலத்த 1200 பிக்சலுக்கு குறைச்சு வெப்பி (WebP)ங்கற சின்ன சைஸ் பட ஃபார்மட்ல மாத்துங்க, ஜரிகை மணி எல்லாம் நல்லாவே தெரியும், சைஸ் பல மடங்கு குறைஞ்சிடும். முக்கியமான படமோ எழுத்தோ 2.5 செகண்டுக்குள்ள வரணும்ங்கறது கூகுள் சொல்ற அளவு, அவங்களோட பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்ங்கற சைட்ல ஃப்ரீயா பாக்கலாம். ஆனா ஆபீஸ் வைஃபைல பாத்துட்டு திருப்தி ஆயிடாதீங்க, ஒரு பழைய போன எடுத்துட்டு மாம்பலத்துல ட்ரெயின் ஏறி மொபைல் டேட்டாவுல திறந்து பாருங்க. அக்காவோட கஸ்டமர் வேலைக்கு போறப்ப, கூட்டத்துல ஒரு கையால கம்பிய புடிச்சிட்டு இன்னொரு கை கட்டைவிரலால தான் பாக்கறாங்க, பட்டன் அந்த விரலுக்கு எட்டணும்.

இப்ப அளக்கறது. எத்தனை பேர் வந்தாங்கங்கறத விட எத்தனை பேர் கேட்டாங்கங்கறது தான் கணக்கு. வாட்ஸ்அப் லிங்க்லயே மெசேஜ முன்னாடியே எழுதி வைக்கலாம். கல்யாண ப்ளவுஸ் பக்கத்துல "வெப்சைட்ல கல்யாண ப்ளவுஸ் பாத்தேன்"னு, ஆல்டரேஷன் பக்கத்துல வேற மாதிரி. வாரக் கடைசில வாட்ஸ்அப்ல அந்த வரிய தேடி எண்ணினா எந்த பக்கம் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிடும், அதுல எத்தனை அட்வான்ஸ் ஆச்சுன்னு அதே நோட்டுல பக்கத்துல எழுதிக்கோங்க. வர்றவங்கள எண்ணற அனலிடிக்ஸ் வேணும்னா போடுங்க, ஆனா கூகுளோட சர்ச் கன்சோல் கண்டிப்பா போடுங்க. ஜனங்க கூகுள்ல என்ன வார்த்தை அடிச்சு வர்றாங்கன்னு 16 மாசம் வரைக்கும் காட்டும். அக்கா "எம்பிராய்டரி"ன்னு போட்டிருந்தாங்க, தேடறவங்க அடிச்சது "ஆரி ஒர்க் ப்ளவுஸ் மாம்பலம்". தலைப்ப அப்படியே மாத்தினோம்.

ஒப்பிடறப்ப மாசத்த பாத்துக்கோங்க. ஆடில கல்யாணம் கிடையாது, விசாரணை கம்மியா தான் இருக்கும், அதுக்காக சைட்ட பிரிச்சு மேஞ்சிடாதீங்க. இந்த ஆவணிய போன ஆவணியோட வச்சு பாருங்க. அப்புறம் ரேட் மாறினா அன்னைக்கே சைட்லயும் மாத்திடுங்க, பழைய ரேட்ட ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு நேர்ல வந்து நிக்கறவங்ககிட்ட அக்காவால ஒண்ணும் சொல்ல முடியல.