இரும்புச்சத்து மாத்திரை: தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது என்று பரிசோதனை முடிவு வந்த அன்றே மருந்துக்கடைக்குப் போய், ரத்தம் ஊறுவதற்கு ஒரு மாத்திரை வேண்டும் என்று கேட்டு வாங்கி வருவது நம்மிடையே வெகுகாலமாக இருக்கும் வழக்கம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது என்பதால், இந்த மாத்திரை நுழையாத வீடு அரிது. அப்படியிருந்தும், எதைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் தெளிவு குறைவாகவே இருக்கிறது. அட்டைப்பெட்டியின் முன்பக்கத்துப் பெயரையும் விலையையும் பார்த்துத்தான் பெரும்பாலோர் முடிவெடுக்கிறார்கள்; பார்க்க வேண்டிய எண்ணோ பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

முதல் தவறு கடைக்குப் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஹீமோகுளோபின் குறைவும் இரும்புச்சத்துக் குறைவும் ஒன்றல்ல. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கீழே இருந்தால் அதை ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. இரும்பு போதாமை அதற்கு மிகப் பரவலான காரணமே தவிர, ஒரே காரணம் அல்ல. வைட்டமின் பி12 குறைவு, ஃபோலிக் அமிலக் குறைவு, நாள்பட்ட சிறுநீரக நோய், ஹீமோகுளோபின் சரிவர உருவாகாத பரம்பரைக் கோளாறான தலசீமியாவைச் சுமக்கும் மரபுத்தன்மை ஆகியவையும் அதே எண்ணைக் காட்டும். நீரிழிவுக்காகப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் ஒருவருக்குக் குறைந்திருப்பது பி12ஆக இருந்தால், இரும்பு மாத்திரையை எத்தனை மாதம் விழுங்கினாலும் அந்தக் குறை தீராது.

உடலில் இரும்பின் இருப்பைச் சொல்லும் பரிசோதனை ஃபெரிட்டின். நோயில்லாத பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இருப்பு வற்றிவிட்டது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். 30க்குக் கீழே இருந்தாலே குறைவு என்று கருதிச் சிகிச்சை தொடங்கும் மருத்துவர்களும் பலர். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே உயரும் என்பதால், அந்தச் சமயத்தில் வரும் ‘சரியான’ எண்ணை நம்பி இரும்புக் குறைவு இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

தலசீமியா மரபுத்தன்மையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆண்டுக்கணக்கில் பயனின்றி இரும்பு மாத்திரை சாப்பிடுபவர்களில் இவர்கள் உண்டு. இரும்புக் குறைவிலும் தலசீமியா மரபுத்தன்மையிலும் சிவப்பணுக்கள் சிறுத்துப்போவதால், எம்.சி.வி. என்று அறிக்கையில் குறிக்கப்படும் அணுவின் பருமன் இரண்டிலும் குறைந்தே இருக்கும். வேறுபாடு அணுக்களின் எண்ணிக்கையில் தெரியும். இரும்பு இல்லாத உடல் குறைவாக அணுக்களைச் செய்கிறது; தலசீமியா மரபுத்தன்மை உள்ள உடலோ சிறிய அணுக்களை ஏராளமாகச் செய்கிறது. எம்.சி.வி.யைச் சிவப்பணுக்களின் எண்ணிக்கையால் (மில்லியன் கணக்கில்) வகுத்து, விடை 13க்குக் குறைந்தால் தலசீமியாவை ஐயப்படும் கணக்கு 1973 முதல் புழக்கத்தில் இருக்கிறது. எம்.சி.வி. 64, எண்ணிக்கை 5.8 மில்லியன் என்றால் விடை 11. மாத்திரையை வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிக்கை அது. இந்தக் கணக்கு ஐயத்தை எழுப்புமே தவிர உறுதிசெய்யாது. உறுதிப்படுத்துவதற்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் தனிப் பரிசோதனை உண்டு. இரண்டு குறைகளும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் நடக்கும் என்பதால், இங்கேயும் ஃபெரிட்டினைப் பார்க்காமல் முடிவெடுக்க இயலாது.

இரும்புதான் குறைவு என்று தெரிந்த பிறகு வருவது அந்தப் பொடி எழுத்து. மாத்திரையில் இருப்பது தனி இரும்பு அல்ல, இரும்பின் உப்பு. பெட்டியில் எழுதியிருக்கும் மில்லிகிராம் சில வேளைகளில் உப்பின் எடையாகவும், சில வேளைகளில் அந்த உப்பிலுள்ள தனிம இரும்பின் எடையாகவும் இருக்கும். ஃபெரஸ் ஃப்யூமரேட் 300 மி.கி.யில் தனிம இரும்பு ஏறத்தாழ 100 மி.கி. இருக்கிறது, அதே 300 மி.கி. ஃபெரஸ் குளுக்கோனேட்டில் 35 மி.கி.தான் இருக்கிறது. உலர்த்திய ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி.யில் சுமார் 65 மி.கி. முன்பக்கத்து எண்ணை மட்டும் ஒப்பிட்டு இரண்டும் ஒன்று என்று நினைப்பவர், மூன்றில் ஒரு பங்கு மருந்தைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை கேட்கவில்லை என்று குறைப்பட நேரும். ஃபெரஸ் அஸ்கார்பேட் மாத்திரைகளில் பெரும்பாலும் ‘எலிமெண்டல் அயர்ன் (தனிம இரும்பு) 100 மி.கி.க்குச் சமம்’ என்றே எழுதப்பட்டிருக்கும்; அந்தச் சொற்றொடர்தான் தேட வேண்டியது.

இதனோடு ஒட்டிய இன்னொரு தவறு, உணவு வகையில் சேர்ந்த பொருளை மருந்தாக எடுத்துக்கொள்வது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) உரிம எண்ணுடன் விற்கப்படும் மிட்டாய் போன்ற கம்மிகளும், பல்வகைச் சத்து மாத்திரைகளும், பேரீச்சம்பழச் சாறுகளும் அன்றாடத் தேவைக்குத் துணை சேர்ப்பவை. வற்றிய இருப்பை நிரப்புவது அவற்றின் வேலை அல்ல. வயதுவந்த பெண்ணின் அன்றாடத் தேவை 29 மி.கி. என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் பரிந்துரைத்தது. அது உணவில் இருக்க வேண்டிய அளவு. குறைவு ஏற்பட்ட பின் சிகிச்சைக்கான அளவு பொதுவாக ஒரு வேளைக்கு 60 முதல் 100 மி.கி. தனிம இரும்பு. கம்மிகள் பலவற்றில் இரும்பே இருப்பதில்லை என்பதையும் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அறியலாம். முருங்கைக்கீரையும் கம்பும் கேழ்வரகும் சாப்பிட வேண்டியவையே. ஆனால் ஃபெரிட்டின் 6 என்று வந்தவருக்கு அவற்றை மட்டும் சொல்லி அனுப்புவது சிகிச்சை ஆகாது.

விலை உயர்ந்தது சிறந்தது என்ற எண்ணம் இரும்பு விஷயத்தில் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. மலிவான ஃபெரஸ் உப்புகளே இன்றும் முதல் தெரிவு. வயிற்றுக்கு இதமானது என்று விற்கப்படும் ஃபெரிக் வகைக் கலவைகள் குறைவாகவே உறிஞ்சப்படுகின்றன. 2017இல் அமெரிக்காவில் 80 குழந்தைகளைக் கொண்டு வெளியான ஆய்வில், 12 வாரங்களில் ஃபெரஸ் சல்ஃபேட் பெற்றவர்களின் ஹீமோகுளோபின், ஃபெரிக் வகையான இரும்பு பாலிசாக்கரைடு கலவை பெற்றவர்களைவிட ஏறத்தாழ ஒரு கிராம் கூடுதலாக உயர்ந்திருந்தது. குடலில் போய்க் கரையும்படி மேற்பூச்சு இட்ட மாத்திரைகளிலும் இதே சிக்கல் உண்டு: இரும்பு உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில்தான், அதைத் தாண்டிய பிறகு கரையும் மாத்திரையால் வயிறும் எரிவதில்லை, ரத்தமும் ஊறுவதில்லை.

அளவைக் கூட்டினால் விரைவில் குணமாகும் என்று காலையும் இரவும் ஒவ்வொன்று விழுங்குவோர் உண்டு. ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது; அது ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் குடலிலிருந்து இரும்பு உள்ளே வரும் வழியை நெருக்கி வைத்திருக்கிறது. அடுத்த வேளை மாத்திரை அந்த நேரத்தில் வந்தால் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் கீழே இறங்கி, மலச்சிக்கலையும் குமட்டலையும் கூட்டுகிறது. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர ஆய்வாளர்கள் இரும்பு இருப்பு குறைந்த 40 பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் எடுத்தவர்கள் இரும்பில் 16.3 விழுக்காட்டையும், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தவர்கள் 21.8 விழுக்காட்டையும் உறிஞ்சினார்கள். நாளுக்கு ஒன்றே போதும், அது ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது பிரிட்டிஷ் இரைப்பை-குடல் மருத்துவர் சங்கத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலும்கூட. கர்ப்பிணிகள் மட்டும் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நாளைக் குறைக்கக் கூடாது. அவர்களுக்கு அரசுத் திட்டம் வகுத்திருப்பது நாள்தோறும் எடுக்கும் முறை.

எப்போது சாப்பிடுவது என்பதில் நம் காலைப் பொழுது இரும்புக்கு எதிராகவே அமைந்திருக்கிறது. டீயிலும் காபியிலும் உள்ள பொருள்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலும் கால்சியம் மாத்திரையும் உறிஞ்சுதலைக் குறைக்கும். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே கையில் வைத்து விழுங்குவது பல கர்ப்பிணிகள் செய்வது. ஒன்று காலையிலும் மற்றொன்று இரவிலும் என்று பிரித்தால் போதும். கேஸ் மாத்திரை என்று நாம் சொல்லும் பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகைகள் அமிலத்தைக் குறைத்து இரும்பு கரைவதைக் கெடுக்கின்றன. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் விட வேண்டும். இங்கே பாதிக்கப்படுவது தைராய்டு மருந்து. இத்தனை கட்டுப்பாடுகளுக்கு நடுவே, வைட்டமின் சி மாத்திரையைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவை இல்லை என்பது ஆறுதல்: சீனாவில் 440 பேரைக் கொண்டு நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், அதைச் சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஏறியதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுவதும் பரவலான தவறு. உறிஞ்சப்படாத இரும்பின் நிறம் அது. ஆனால் தார் போலப் பிசுபிசுப்பாகவும் கடும் நாற்றத்துடனும் போனால் அது குடலில் ரத்தக்கசிவாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வயிறு ஏற்காதவர்கள் உணவுக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம், அல்லது இரும்பு குறைவாக உள்ள உப்புக்கு மாறலாம். வெறும் வயிற்றில் சாப்பிடத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துப் பத்தாம் நாளில் கைவிடுவதைவிட, சாப்பிட்ட பின் எடுத்து மூன்று மாதம் தொடர்வது எவ்வளவோ மேல்.

தொடங்கி நான்கு வாரத்தில் ஹீமோகுளோபினை மறுபடி பார்க்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு கிராம் உயர்ந்திருப்பது எதிர்பார்க்கத்தக்கது. உயராவிட்டால் கடைக்காரரிடம் வேறு பிராண்டு கேட்பது விடையாகாது. மாத்திரை சரியாகச் சாப்பிடப்பட்டதா, குடல் அதை உறிஞ்சுகிறதா, ரத்தம் எங்கேனும் தொடர்ந்து கசிகிறதா என்பவைதான் கேள்விகள். அதிக மாதவிடாய்ப் போக்கு, மூலம், கொக்கிப்புழு, வலிநிவாரணி மாத்திரைகளால் வந்த இரைப்பைப் புண் என்று காரணங்கள் பல. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால், குடல் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யாமல் மாத்திரையோடு நிறுத்திக்கொள்வது ஆபத்தானது. இன்னொரு புறம், எண் சரியானதும் நிறுத்திவிடுபவர்களுக்கு இருப்பு நிரம்பாமலே போகிறது. அதன் பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும்.

மருந்து வீட்டில் எங்கே இருக்கிறது என்பதும் தேர்வோடு சேர்ந்ததே. சர்க்கரைப் பூச்சிட்ட வண்ண மாத்திரைகள் குழந்தைகளின் கண்ணுக்கு மிட்டாய்தான். உடல் எடையில் கிலோவுக்கு 60 மி.கி. தனிம இரும்பு உயிருக்கே ஆபத்தான அளவு. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு 100 மி.கி. மாத்திரை ஆறே போதும். ஆகவே அள்ளி எடுக்கக்கூடிய டப்பாவைவிட, ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டிய அட்டையை வாங்குவது நல்லது. குழந்தை விழுங்கிவிட்டால் முதலில் வாந்தியும் வயிற்றுவலியும் வரும், பிறகு சில மணி நேரம் தெளிந்ததுபோல் தோன்றும், அதன் பின்னரே உடல்நிலை மோசமாகும். அந்தத் தெளிவை நம்பி வீட்டில் காத்திருக்காமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். போகும்போது காலியான அட்டையைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும், ஏனெனில் மருத்துவர் முதலில் கேட்பது அதில் எழுதியிருக்கும் மில்லிகிராமையும் குழந்தையின் எடையையும்தான்.