தரவுப் பட்டியலில் தேடுவதும் தேர்ந்தெடுப்பதும்

இணையத் தரவுப் பட்டியலின் தேடல் பெட்டியில் எதையும் தட்டச்சு செய்வதற்கு முன், உங்களுக்குத் தேவையான தரவு எதைப் பற்றியது (தனிநபரா, குடும்பமா, மாவட்டமா), எந்தக் காலத்துக்குரியது, எந்தெந்த மாறிகள் (வயது, வருமானம் போன்று பதிவு செய்யப்படும் விவரங்கள்) அதில் இருந்தே ஆக வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வரையறை இல்லாமல் தேடினால், கிடைத்த தரவுக்கு ஏற்ப ஆய்வுக் கேள்வியை வளைக்க நேரிடும்.

எங்கே தேடுவது என்பதே புரியாத நிலையில், தரவுத் தொகுப்புகளைச் சேமித்துப் பகிரும் களஞ்சியங்களைத் துறைவாரியாகத் தொகுத்துத் தரும் ரீ3டேட்டா தளத்திலிருந்து தொடங்கலாம். சமூக அறிவியலுக்கு ஐசிபிஎஸ்ஆர், புவியியல் மற்றும் சுற்றுச்சூழல் அறிவியலுக்கு பாங்கேயா, உயிரினப் பரவல் பதிவுகளுக்கு ஜிபிஐஎஃப் எனத் துறைக்களஞ்சியங்கள் உள்ளன. ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் நடத்தும் ஜெனோடோ போன்ற பொதுக் களஞ்சியங்களில் யார் வேண்டுமானாலும் தரவைப் பதிவேற்றலாம் என்பதால், அங்கு தரத்தைச் சோதிக்கும் பொறுப்பு பெரும்பாலும் பயனரையே சேர்கிறது.

பெரும்பாலான பட்டியல்கள் கோப்பின் உள்ளே தேடுவதில்லை. தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்கள் ஆகியவற்றில் மட்டுமே தேடுகின்றன. ஆகவே ஒரே பொருளைத் தரும் பல சொற்களை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஐசிபிஎஸ்ஆர் தளத்தில் மாறிகளின் பெயரைக் கொண்டே தேடும் வசதி இருப்பது பெரிய உதவி.

கிடைத்த தொகுப்பைப் பதிவிறக்குவதற்கு முன் அதன் விளக்க ஆவணத்தைப் படியுங்கள். அப்படி ஓர் ஆவணமே இல்லையென்றால், தலைப்பு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அடுத்த தொகுப்புக்குச் செல்வதே நல்லது என்பது என் கருத்து. தரவை யார், எதற்காக, எந்த முறையில் திரட்டினார்கள், மாதிரியை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், விடுபட்ட பதில்களை எந்தக் குறியீட்டால் காட்டியிருக்கிறார்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். வயதுக்கான நிரலில் விடை தராதவர்களுக்கு 999 என்று இட்டிருப்பதைக் கவனிக்காமல் சராசரி கண்டால் முடிவே பாழாகிவிடும்.

பெயர்பெற்ற தரவுக்கும் இச்சோதனை பொருந்தும். 1936இல் புள்ளியியலாளர் ஃபிஷர் தம் ஆய்வுரையில் பயன்படுத்திய 150 ஐரிஸ் பூக்களின் அளவுகள் உலகெங்கும் பாடத்துக்குப் பயன்படுகின்றன. ஆனால் யூசிஐ (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், இர்வைன்) களஞ்சியத்தின் பிரதியில் 35, 38ஆம் வரிசைகள் மூலத்திலிருந்து வேறுபடுகின்றன. 35ஆம் வரிசையில் 0.2 என இருக்க வேண்டிய இதழ் அகலம் 0.1 என உள்ளது. இதைக் களஞ்சியத்தின் விளக்கக் கோப்பே சொல்கிறது. அதைத் திறந்து படிப்பவர்கள்தான் குறைவு.

கோப்பைத் திறந்தவுடன் வரிசைகளின் எண்ணிக்கை ஆவணத்தில் கூறியபடி உள்ளதா என்றும், ஒவ்வொரு மாறியின் மிகக் குறைந்த, மிக உயர்ந்த மதிப்புகள் நம்பத்தக்கவையா என்றும் பாருங்கள். எக்செல் வழியாக வந்த மரபணுத் தரவில் கூடுதல் கவனம் தேவை: மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுப் பெயர்களை அது தேதிகளாக மாற்றிவிடும். அந்தத் தொல்லையால்தான் 2020இல் இத்தகைய பெயர்களையே மாற்ற வேண்டி வந்தது.

உரிமத்தையும் பார்த்துவிடுங்கள். உரிமம் குறிப்பிடப்படாத தரவு யாவரும் பயன்படுத்தத்தக்கது என்று கொள்ளலாகாது; பதிவேற்றியவரிடம் எழுதிக் கேட்டு அனுமதி பெறுவதே முறை.

ஜெனோடோவில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி டிஓஐ (இணையத்தில் ஓர் ஆவணத்தை அல்லது தரவை அடையாளம் காட்டும் நிலையான எண்) உண்டு. எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான இன்னொன்றும் உண்டு. கட்டுரையில் நீங்கள் உண்மையில் பயன்படுத்திய பதிப்பின் டிஓஐயையே குறிப்பிடுங்கள். பதிவிறக்கிய தேதியையும் உடன் எழுதி வையுங்கள்.