இடித்துத் தள்ளிய தெருவை ஆவணங்களிலிருந்து மீட்பது எப்படி?

அமெரிக்க நகரங்களின் இனப் பாகுபாட்டையும் மறுசீரமைப்பையும் ஆராய வரும் முனைவர் பட்ட மாணவர்கள் பலர் முதல் வருடம் முழுவதையும் கோட்பாட்டு நூல்களிலேயே கழித்துவிடுகிறார்கள். பிறகு ஒரு நகரம் முழுவதையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாமல் தடுமாறுகிறார்கள். எங்கள் யோசனை வேறு. ஒரே ஒரு பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவின் இருபுறமும் சேர்த்து முப்பது, நாற்பது கதவு எண்கள் போதும். ஒவ்வொரு எண்ணிலும் யார் குடியிருந்தார்கள், யார் சொந்தக்காரர், என்ன வாடகை, எப்போது இடித்தார்கள், இடித்த பிறகு அந்தக் குடும்பம் எங்கே போனது என்று தேடுங்கள். நல்ல கேள்விகள் அந்தத் தேடலில்தான் பிறக்கும்.

இங்கே பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள லோயர் ஹில் பகுதியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். நகர மையத்தை ஒட்டிய இந்த மேட்டில் நகர மறுசீரமைப்புக்காக 1956-இல் இடிப்பு தொடங்கியது. சுமார் 95 ஏக்கர் காலியானது. ஏறத்தாழ 8,000 பேரும் 400-க்கும் மேற்பட்ட கடைகளும் தொழில்களும் வெளியேற்றப்பட்டன. அங்கே 1961-இல் சிவிக் அரீனா என்ற விளையாட்டரங்கம் திறந்தது. 2012-க்குள் அதையும் இடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் பெரும்பகுதி நிலம் பல வருடங்கள் கார் நிறுத்துமிடமாகவே கிடந்தது.

முதலில் ஓர் அட்டவணை போடுங்கள். ஒரு கதவு எண்ணுக்கு ஒரு வரி என்று போட்டால் பின்னால் சிக்கல் வரும். ஒரு கதவு எண், ஓர் ஆண்டு, ஓர் ஆவணம் என மூன்றும் சேர்ந்து ஒரு வரி. ஒரே வீட்டுக்கு 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு பெயரையும் அதே ஆண்டின் முகவரிக் கையேடு (ஊரில் யார் எங்கே குடியிருக்கிறார் என்று அச்சிட்ட புத்தகம்) வேறு பெயரையும் சொல்லும். இரண்டையும் தனித்தனி வரியாக வையுங்கள். ‘எது சரி’ என்று அப்போதே முடிவெடுத்து ஒன்றை அழித்தால், ஒரே வீட்டில் இரண்டு குடும்பங்கள் வாழ்ந்த செய்தியே தொலைந்துபோகும்.

அடுத்தது வரைபடம். இடிப்பில் தெருக்களே மறைந்துவிட்டதால் இன்றைய வரைபடம் உதவாது. தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக சான்பார்ன் நிறுவனம் வரைந்த தாள்கள்தான் அடிப்படை; ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவு. இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரவீடு, நீலம் என்றால் கல். ‘டி’ எழுத்து குடியிருப்பையும் ‘எஸ்’ கடையையும் குறிக்கும். எத்தனை மாடி என்ற எண்ணும் இருக்கும். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் இவற்றில் பெரும் தொகுதியை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பிட்ஸ்பர்குக்குக் கூடுதலாக ஹாப்கின்ஸ் மனை வரைபடங்களும் உண்டு. அவற்றில் மனைச் சொந்தக்காரர் பெயரே பல இடங்களில் எழுதியிருக்கும்.

சான்பார்ன் தாளில் ஒரு பொறி இருக்கிறது. புதிய பதிப்பு அச்சிடாமல், மாறிய கட்டடங்களை மட்டும் சிறு துண்டுகளாக அச்சிட்டு அனுப்பி, பழைய தாளின் மேலேயே ஒட்டுவார்கள். அட்டையில் 1920-களின் தேதி இருக்க, நீங்கள் பார்க்கும் கட்டடம் 1950-இல் ஒட்டப்பட்டதாக இருக்கலாம். ஸ்கேனைப் பெரிதாக்கி, ஒட்டின் விளிம்பு நிழல் தெரிகிறதா என்று பாருங்கள். ஒட்டுத் திருத்தங்களின் தேதிப் பதிவு தொகுதியின் முன்பக்கத்தில் இருக்கும்.

வரைபடத்தில் எண்கள் கிடைத்ததும் முகவரிக் கையேடுகளுக்குப் போங்கள். போல்க் நிறுவனக் கையேட்டில் முன்பாதி பெயர் வரிசை. பல ஆண்டுப் பதிப்புகளில் பின்பாதி தெரு வரிசை. உங்களுக்கு வேண்டியது அதுதான். பெயருக்குப் பக்கத்தில் ‘ஹெச்’ என்றிருந்தால் அந்த வீட்டின் குடும்பத் தலைவர் (சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை), ‘ஆர்’ என்றிருந்தால் அங்கே தங்கியிருப்பவர். பல நகரங்களில், குறிப்பாகத் தெற்கில், கறுப்பினத்தவர் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு குறியிட்டிருப்பார்கள். குறி இல்லாத ஊரில் இனத்தைப் பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். லோயர் ஹில்லில் கறுப்பினக் குடும்பங்களோடு இத்தாலியரும் யூதரும் சிரியரும் ஒரே தெருவில் இருந்தார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒரு பதிப்பு பார்த்தால் போதும், ஆனால் இடிப்புக்கு முந்தைய நான்கைந்து ஆண்டுகளை விடாமல் பாருங்கள். இடிப்புச் செய்தி பரவியதும் வீடுகள் காலியாகத் தொடங்கும். ‘காலி’ என்ற சொல் எந்த ஆண்டில் எந்த மூலையில் முதலில் தோன்றுகிறது என்பது முக்கியமான சான்று.

கணக்கெடுப்புத் தாள்களை 72 ஆண்டுகள் கழித்துத்தான் வெளியிடுவார்கள். 1950-க்கு உரியவை 2022 ஏப்ரலில் வந்தன. 1960-க்கு 2032 வரை காத்திருக்க வேண்டும். 1940 தாளில் 4-ஆம் பத்தி சொந்த வீடா, வாடகையா என்பது. 5-ஆம் பத்தி வீட்டின் மதிப்பு அல்லது மாத வாடகை. 1950 மக்கள்தொகைத் தாளில் வாடகைப் பத்தியே இல்லை. ஆகவே வாடகைக்கு 1940-தான் கடைசி ஆதாரம். பெயரைத் தட்டித் தேடுவதைவிட, கணக்கெடுப்பு வட்ட எண்ணைக் கண்டுபிடித்துத் தாளைப் பக்கம் பக்கமாகப் படியுங்கள். இடது ஓரத்தில் செங்குத்தாகத் தெருப் பெயர் எழுதியிருக்கும். இனப் பத்தியில் இருப்பது கணக்கெடுக்க வந்தவரின் தீர்ப்பு, குடும்பத்தார் தங்களைச் சொல்லிக்கொண்டது அல்ல. குடும்பம் தானே நிரப்பும் முறை 1960-இல்தான் பரவலாக வந்தது.

இனி, எல்லோரும் முதலில் கையில் எடுக்கும் சிவப்பு வரைபடம். 1933-இல் அமைந்த அரசு அமைப்பான வீட்டுக் கடன் கழகம், 1935-க்கும் 1940-க்கும் இடையில் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களின் பகுதிகளைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என நான்கு தரமாகப் பிரித்தது; சிவப்பு என்றால் கடனுக்கு மிக ஆபத்தான பகுதி. ரிச்மண்ட் பல்கலைக்கழகம் இவற்றை இணையத்தில் வைத்த பிறகு, ‘இந்த வரைபடத்தால்தான் வங்கிகள் கடன் மறுத்தன’ என்ற வாக்கியம் எல்லா ஆய்வேடுகளிலும் வந்துவிட்டது. இதை அப்படியே எழுதினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே மாட்டுவீர்கள். அந்தக் கழகம் 1936-இல் புதுக் கடன் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. வரைபடங்கள் பல அதற்குப் பின் வந்தவை. சிவப்பில் விழுந்த பகுதிகளிலும் அது ஏற்கெனவே கடன் கொடுத்திருந்தது. தனியார் வங்கிகள் எத்தனை பேர் அந்த வரைபடத்தைக் கண்ணால் பார்த்தார்கள் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. நீண்டகாலச் சேதத்தில் பெரும்பங்கு 1934-இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்துக்கு உண்டு. எந்த வீட்டுக் கடனுக்கு அரசு காப்புறுதி தரலாம் என்று சொன்ன அதன் கையேடு, இனக் கலப்பையே ஆபத்து என்று கணக்கிட்டது.

அப்படியானால் சிவப்பு வரைபடம் எதற்கு? கூடவே இருக்கும் பகுதி விவரப் படிவத்துக்காக. கறுப்பினத்தவர் இருக்கிறார்களா, எத்தனை சதவீதம், வெளிநாட்டில் பிறந்த குடும்பங்கள் எத்தனை, யார் ‘ஊடுருவுகிறார்கள்’, அடுத்த 10–15 ஆண்டுகளில் பகுதி எப்படிப் போகும் என்று வரிசையாகக் கேட்டிருக்கும். நகரத்தின் வீட்டுமனைத் தொழில் தலைவர்கள் ஒரு தெருவை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அது நேரடிச் சான்று. அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

பத்திரங்கள்தான் அதிக நேரம் கேட்கும் வேலை. நம்மூரில் வில்லங்கச் சான்று வாங்கினால் அந்தச் சர்வே எண்ணின் பரிமாற்றங்கள் வரிசையாக வந்துவிடும். அமெரிக்காவில் பெரும்பாலான கவுன்டிகளில் (நம்மூர் மாவட்டம் போன்றவை) பழைய பதிவுகளுக்கு அந்த வசதி இல்லை. விற்றவர் பெயர் அகரவரிசை ஒன்று, வாங்கியவர் பெயர் அகரவரிசை ஒன்று. கடைசியாக நிலத்தை வாங்கிய அரசு அமைப்பில் தொடங்கி, யாரிடமிருந்து வாங்கியது என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போய் மூலப்பத்திரத்தை எட்ட வேண்டும். வாங்கிய அமைப்பு ஒன்றல்ல. பிட்ஸ்பர்கில் 1946-இல் தொடங்கிய நகர மறுசீரமைப்பு ஆணையம், மாநகராட்சி, கவுன்டி, அரங்க ஆணையம் என எல்லாப் பெயரிலும் தேடுங்கள்.

பழைய பத்திரத்தில் விலை ‘ஒரு டாலரும் பிற மதிப்பும்’ என்றிருக்கும். அதை விலையென்று அட்டவணையில் ஏற்றிவிடாதீர்கள். ஓரத்தில் ஒட்டிய கூட்டாட்சி வருவாய் முத்திரைகளைக் கூட்டுங்கள். 1940 முதல் 1967 வரை 500 டாலருக்கு 55 சென்ட். முத்திரை 11 டாலர் என்றால், 20 முறை 500. விலை 9,500-க்கு மேல், 10,000-க்கு உட்பட்டது. வாங்குபவர் பழைய அடமானக் கடனை ஏற்றுக்கொண்டிருந்தால் அந்தத் தொகைக்கு முத்திரை கிடையாது. ஆகவே அதே நாளின் அடமானப் பதிவையும் பார்த்துக் கூட்டுங்கள். பத்திரத்தில் இனத் தடை வாசகம் (இன்ன இனத்தவருக்கு விற்கவோ குடிவைக்கவோ கூடாது என்ற நிபந்தனை) இருந்தால் முழுதாகப் படியெடுங்கள். இந்தத் தடைகளை நீதிமன்றம் அமல்படுத்தக் கூடாது என்று 1948-இல் தீர்ப்பு வந்தது. சட்டவிரோதம் ஆனது 1968-இல்தான்.

சொந்தக்காரர் விலைக்கு உடன்படாத மனைகளுக்கு நில ஆர்ஜித வழக்குக் கட்டு இருக்கும். பென்சில்வேனியாவில் மதிப்பீட்டை ‘பார்வையாளர் குழு’ செய்யும். அந்த அறிக்கையில் வீட்டின் நிலை, கொடுத்த தொகை, கேட்ட தொகை மூன்றும் கிடைக்கும். வாடகைக்கு இருந்தவர்கள் இந்தக் கட்டுகளில் அநேகமாக இருக்கவே மாட்டார்கள். 1956 வீட்டுவசதிச் சட்டம் வெளியேற்றப்பட்ட குடும்பத்துக்கு அதிகபட்சம் 100 டாலர் குடிபெயர்ப்புச் செலவு அனுமதித்தது. முறையான மறுகுடியமர்வுச் சட்டம் 1970-இல்தான் வந்தது. வாடகைதாரரை நீங்கள் தேடாவிட்டால் உங்கள் ஆய்விலும் அவர்கள் விடுபட்டுப்போவார்கள். 1957 முதல் 1962 வரையிலான முகவரிக் கையேடுகளின் பெயர் வரிசையில் ஒவ்வொரு பெயரையும் தேடுங்கள். ஹோம்வுட், ஈஸ்ட் லிபர்ட்டி பக்கம் பலர் போனார்கள். தொழிலும் மனைவி பெயரும் ஒத்துப்போனால் மட்டுமே ஒரே ஆள் என்று எழுதுங்கள். கிடைக்காதவர் ஊரைவிட்டுப் போனார் என்று பொருளல்ல. உறவினர் வீட்டில் ஒண்டியிருந்தாலும் பெயர் வராது.

வெளியேற்றப்பட்டவர்களின் எண்ணிக்கையில் கவனம் தேவை. நகரப் புதுப்பித்தலுக்கு, 1949 சட்டப்படி, நிகரச் செலவில் மூன்றில் இரண்டு பங்கைக் கூட்டாட்சி அரசு கொடுத்தது. அதற்காக நகரங்கள் அனுப்பிய கணக்கில் குடும்பங்கள்தான் இருக்கின்றன. தனியாக வாடகை அறையில் இருந்தவர்கள் அந்த எண்ணிக்கையில் வரமாட்டார்கள். இனம் ‘வெள்ளையர்’, ‘வெள்ளையர் அல்லாதோர்’ என இரண்டே பத்தி. 1956-க்குப் பிறகு 90 சதவீதக் கூட்டாட்சிப் பணத்தில் வந்த நெடுஞ்சாலைகள் இடித்த வீடுகள் வேறு கணக்கு. குடும்ப எண்ணிக்கையை நான்கால் பெருக்கி ‘இத்தனை பேர்’ என்று எழுதுவது தவறு. உங்கள் பிளாக்கின் 1950 தாள்களிலிருந்து சராசரி எடுங்கள்.

அட்டவணை நிரம்பியதும் அதன் பக்கத்தில் படங்களை வையுங்கள். கறுப்பினப் பத்திரிகையான பிட்ஸ்பர்க் கூரியரின் புகைப்படக்காரர் டீனி ஹாரிஸ் எடுத்த சுமார் 80,000 நெகட்டிவ்கள் கார்னகி கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கடைப்பலகையில் தெரியும் எண்ணை வைத்துப் படத்தைச் சரியான வரியில் பொருத்தலாம். வைலி அவென்யூவில் இருந்த பெத்தேல் தேவாலயத்தை இப்படிப் பார்த்தால் ஆய்வுக் கேள்வி தானாக வரும். 1957-இல் அந்தக் கறுப்பினத் தேவாலயத்தை இடித்தார்கள். பக்கத்திலேயே இருந்த எபிஃபனி கத்தோலிக்கத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. எந்தக் கட்டடம் ‘பாழடைந்தது’ என்று யார், எந்தக் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள் என்று தேட, மறுசீரமைப்பு ஆணையத்தின் கூட்டக் குறிப்புகளுக்குப் போக வேண்டும்.

1970-க்குப் பிந்தைய காலத்துக்கு டிராக்ட் (கணக்கெடுப்புக்காக நகரத்தைப் பிரித்த சிறு பகுதி) அளவிலான புள்ளிவிவரம் எளிதாகக் கிடைக்கும். தவறும் எளிதாக வரும். டிராக்ட் எல்லை பத்தாண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. எல்லையைச் சரிக்கட்டாமல் இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டால், மக்கள் நகராமலே ‘இடப்பெயர்வு’ தெரியும். ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்துத் தரும் மாதிரிக் கணக்கெடுப்பில் பிழை வரம்பைப் பாருங்கள். வாடகை முன்பு 820 (±160), இப்போது 900 (±150) என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 219. கூடுதலோ வெறும் 80. வாடகை ஏறியது என்று சொல்ல இந்தத் தரவு போதாது.

புதுத் திட்டங்களின் ‘மலிவு வீடு’ என்ற சொல்லையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அளவுகோல் அந்தப் பேட்டையின் வருமானம் அல்ல, புறநகர்களையும் சேர்த்த வட்டாரத்தின் இடைநிலை வருமானம். அது 1,00,000 டாலர் என்றால், அதில் 60 சதவீதம் சம்பாதிக்கும் குடும்பத்துக்கான வீட்டின் வாடகை உச்சம், வருமானத்தில் முப்பது சதவீதம் என்ற கணக்கில், மாதம் 1,500. பேட்டையின் குடும்பம் 25,000 சம்பாதித்தால், அதே கணக்கில் அவர்களால் 625-தான் கொடுக்க முடியும்.

நேர்காணலைக் கடைசியில் வையுங்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு வாய்மொழி வரலாறு கூட்டாட்சி விதிப்படியான ‘ஆய்வு’ வரையறைக்குள் வராது. ஆனாலும் பல்கலைக்கழக அறநெறிக் குழுவிடமிருந்து அதை எழுத்துபூர்வமாக வாங்கிக்கொள்ளுங்கள். பெயரை மறைத்துப் பொது முடிவு சொல்லும் திட்டமென்றால் முழு அனுமதி தேவைப்படலாம். போகும்போது அந்த பிளாக்கின் சான்பார்ன் தாளைப் பெரிதாக அச்சிட்டு மேசைமேல் விரித்து வைத்து, ‘உங்கள் வீடு எது?’ என்று மட்டும் கேளுங்கள். பெரியவர்கள் விரலை வைத்து, பக்கத்து வீட்டார் பெயரையும் படிக்கட்டு இருந்த பக்கத்தையும் சொல்வார்கள். உங்கள் அட்டவணையில் தவறாகப் பதிந்த எண்கள் அப்போது திருந்தும். கிளம்பும்போது அந்தத் தாளையும், அவர்கள் வீட்டுக்கான வரிகளையும் பத்திர நகலையும் அவர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.