இங்க்ஸ் லேக்கில் ஓர் இரவு: புளூபானெட் பார்க்கவும் கூடாரம் அடிக்கவும் முதல் முறை போகிறவர்களுக்கு

டெக்சாஸில் மார்ச் கடைசி வந்துவிட்டால் நம் வாட்ஸாப் குழுக்களில் ஒரே நீலம்தான். பட்டுப்பாவாடை கட்டிய குழந்தைகள், சுற்றிலும் புளூபானெட் பூக்கள். பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரத்தில் எடுத்த படங்கள். வண்டியை ஓரங்கட்டி, பத்து நிமிடம் நின்று, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். நானும் சில வருடங்கள் அப்படித்தான் செய்தேன். அப்புறம் ஒரு ஏப்ரலில் இங்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க்கில் குடும்பத்தோடு தங்கினோம். விடிந்ததும் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தால் எதிரே ஏரி, பத்தடி தள்ளிப் பனியில் நனைந்த நீலக் கொத்துகள். அன்றைக்கு ஒரு மணி நேரம் அந்தப் பூக்களின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதுவரை அவற்றை நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்று புரிந்தது.

கூடாரமே அடித்துப் பழக்கமில்லாத குடும்பமும் இதைச் செய்யலாம். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இடம். ஆஸ்டினுக்கு வடமேற்கே ஏறக்குறைய 60 மைல். பர்னெட் ஊரைத் தாண்டி 29ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே 9 மைல் போய், பார்க் ரோடு 4இல் தெற்கே திரும்பினால் 3 மைலில் பூங்கா. டெக்சாஸுக்குள்ளேயே ஓடும் கொலராடோ ஆற்றில் 1938இல் கட்டி முடித்த இங்க்ஸ் அணையால் உண்டான ஏரி இது. மேலே புக்கானன் ஏரி, கீழே எல்பிஜே ஏரி. நடுவில் இது ஒரு சின்ன இடைநிறுத்தம் மாதிரி. அதனால் நீர்மட்டம் பெரிதாக ஏறி இறங்காது. வறட்சிக் காலத்தில் இதே ஆற்றில் இன்னும் கீழே உள்ள டிராவிஸ் ஏரியில் கரை எங்கோ கீழே போய்விடும். இங்கே தண்ணீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். முதல் முறை போகிறவர்களுக்கு இந்த ஏரியை நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். பர்னெட் ஊரையே டெக்சாஸின் புளூபானெட் தலைநகரம் என்று சொல்கிறார்கள் என்பது இன்னொரு காரணம்.

படி 1: நவம்பரிலேயே இடம் பிடியுங்கள்

பூ ஏப்ரலில்தானே என்று பிப்ரவரி வரை காத்திருந்தால் வார இறுதிகள் எல்லாம் போய்விட்டிருக்கும். டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களில் தங்குமிடத்தை 5 மாதம் முன்பே பதிவு செய்ய விடுகிறார்கள். ஏப்ரல் முதல் வாரத்துக்கு நவம்பர் முதல் வாரம் உட்கார வேண்டும். மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை இந்தப் பக்கம் நல்ல பருவம். ஒரே ஒரு வார இறுதிதான் முடியும் என்றால் ஏப்ரல் முதல் வாரத்தை எடுங்கள்.

பதிவுத் தளத்தில் வரைபடம் வரும், எந்த இடம் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். தண்ணீர்க்குழாய் மட்டும் உள்ள இடங்கள் உண்டு, மின்சாரமும் சேர்ந்தவை உண்டு, கூடாரமே வேண்டாம் என்பவர்களுக்குச் சின்ன கேபின்களும் உண்டு. குழந்தைகளோடு முதல் முறை என்றால் கழிப்பறைக்குப் பக்கத்தில் ஓர் இடம் எடுங்கள். ஏரிக்கரையை ஒட்டிய இடம் அழகுதான், ஆனால் நடக்கப் பழகும் வயதில் பிள்ளை இருந்தால் அங்கே வேண்டாம். ஓர் இடத்தில் 8 பேர் வரைதான் தங்கலாம். இரண்டு குடும்பம் சேர்ந்து போவதென்றால் அடுத்தடுத்து இரண்டு இடம் எடுத்துவிடுங்கள். தங்கும் கட்டணம் வேறு, ஒவ்வொருவருக்கும் நுழைவுக் கட்டணம் வேறு. 12 வயது வரை பிள்ளைகளுக்கு நுழைவு இலவசம்.

இடம் கிடைக்கவில்லையா? கிளம்ப நினைக்கும் வாரத்தின் திங்கள், செவ்வாயில் திரும்பப் பாருங்கள். யாராவது ரத்து செய்திருப்பார்கள்.

படி 2: மழையைக் கவனியுங்கள்

நீங்கள் இடம் பிடிக்கும் அதே நவம்பரில் புளூபானெட்டும் தன் வேலையைத் தொடங்கியிருக்கும். இது ஒரு வருடச் செடி. விதை இலையுதிர்காலத்தில் முளைக்கும். குளிர்காலம் முழுக்கத் தரையோடு ஒட்டிய சின்ன இலைவட்டமாகக் கிடக்கும். மேலே ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தாலும் வேர் கீழே போய்க்கொண்டே இருக்கும். அவரைக் குடும்பத்துச் செடி என்பதால் வேர் முண்டுகளில் உள்ள பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும்; மெலிந்த மண்ணிலும் இது செழிப்பதற்கு அதுதான் காரணம்.

ஆகவே செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெய்யும் மழைதான் அடுத்த ஏப்ரலைத் தீர்மானிக்கிறது. அந்த மூன்று மாதமும் வறண்டுபோனால் மார்ச்சில் எவ்வளவு கொட்டினாலும் பூ குறைவாகத்தான் இருக்கும். விதைத்தோல் கெட்டி என்பதால் எல்லா விதையும் ஒரே வருடம் முளைத்துவிடாது, ஒரு பங்கு மண்ணிலேயே அடுத்தடுத்த வருடங்களுக்குக் காத்திருக்கும். மோசமான வருடத்துக்கு அடுத்து திடீரென்று ஒரு நல்ல வருடம் வருவது அப்படித்தான். பூ குறைவாக இருக்கும் என்று தெரிந்தாலும் பதிவை ரத்து செய்துவிடாதீர்கள். ஏரி இருக்கிறது, பாறை இருக்கிறது, வேறு பூக்களும் இருக்கின்றன.

படி 3: சாமான் கட்டுவது

ஏப்ரலில் பகலில் டிஷர்ட் போதும். இரவில் குளிர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழேகூடப் போகும். கூடாரத்துக்குள் குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். எனவே போர்வையை அடுக்குவதற்கு முன்னால் கீழே விரிக்கத் தடிமனான ஃபோம் மெத்தை அல்லது காற்று மெத்தை வாங்குங்கள். 4 பேருக்கு என்று போட்டிருக்கும் கூடாரத்தில் பெரியவர்கள் இருவரும் பிள்ளை ஒருவரும் நிம்மதியாகப் படுக்கலாம், அவ்வளவுதான்.

முக்கியமான ஒன்று: கூடார முளை. இந்தப் பூங்கா முழுக்க இளஞ்சிவப்புப் பாறை, நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறை வகை. வயது 100 கோடி வருடத்துக்கு மேல். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அடியில் கிடப்பதும் நைஸ் வகைப் பாறைகள்தான், அதனாலோ என்னவோ முதல் தடவை பார்த்தபோதே எனக்குப் பழகின இடம் மாதிரி இருந்தது. அதன்மேல் மண் சில இடங்களில் நாலு விரல்தான். முதல் முறை நான் கூடாரத்தோடு வந்த மெல்லிய கம்பி முளைகளையே நம்பிப் போனேன். ஆறில் நாலு வளைந்துவிட்டன. நள்ளிரவில் காற்று கிளம்பியதும் துணி படபடவென்று அடிக்க, பிள்ளைகள் எழுந்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது தடித்த இரும்பு முளைகளும் ரப்பர் சுத்தியலும் எடுத்துப் போகிறேன். அப்படியும் இறங்காத மூலைக்குத் தண்ணீர் நிரப்பிய பெரிய கேனில் கயிற்றைக் கட்டிவிடுவேன். அங்கே கிடக்கும் கற்களைப் புரட்டாதீர்கள். அடியில் தேள் இருக்கும், தவிர பூங்காவிலிருந்து எதையும் பெயர்க்கக் கூடாது.

வாங்கின கூடாரத்தை ஒரு தடவை வீட்டுப் புல்வெளியிலோ அபார்ட்மென்ட் மைதானத்திலோ அடித்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை. இருட்டில் கையேட்டைப் படிக்கும் அவஸ்தை மிச்சம்.

சாப்பாடு: முதல் இரவுக்குப் புளியோதரை. கெடாது, சூடாக்க வேண்டாம், ஏரிக் காற்றில் இரண்டு மடங்கு இறங்கும். மறுநாள் காலைக்கு மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்லி. தயிர் சாதம் கொண்டுபோனால் ஐஸ் பெட்டியில் வையுங்கள். காப்பிக்கு ஒரு சின்ன கேஸ் அடுப்பு. இரவு படுக்கும் முன் எல்லாச் சாப்பாட்டையும் ஐஸ் பெட்டியோடு காருக்குள் பூட்டிவிடுங்கள், ஏனென்றால் ரக்கூன்கள் மூடியைத் திறக்கத் தெரிந்தவை.

விறகு பூங்காவுக்குள் பொறுக்கக் கூடாது, வாங்கித்தான் போக வேண்டும். நெருப்புத் தடை இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மது பூங்காவுக்குள் வெளியிடத்தில் கூடாது.

படி 4: போய்ச் சேர்ந்த நாள்

இடம் பிற்பகல் 2 மணிக்குத்தான் கையில் கிடைக்கும். காலையிலேயே கிளம்பினால் 29ஆம் சாலையில் லிபர்ட்டி ஹில், பெர்ட்ரம், பர்னெட் என்று ஊர் ஊராக ஓரப் பூக்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். டெக்சாஸின் நெடுஞ்சாலைத் துறை வருடாவருடம் சாலையோரங்களில் காட்டுப்பூ விதை தூவுகிறது, விதை உதிரும்வரை புல்வெட்டுவதையும் தள்ளிவைக்கிறது.

கூடாரம் அடிக்கும் முன் தரையை ஒரு சுற்று பாருங்கள். பொலபொலவென்று புதுமண் குவிந்த மேடு தெரிந்தால் அது தீ எறும்புப் புற்று. அங்கிருந்து தள்ளிப் போங்கள். வசந்தம் இடிமழைக் காலமும்கூட. இடி கேட்டால் கூடாரத்தில் இருக்க வேண்டாம், காருக்குள் போய் உட்காருங்கள்.

தண்ணீரில் இறங்கினால் பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். நீச்சல் காவலர்கள் கிடையாது. தூண்டில் போட ஆசை இருந்தால் மாநிலப் பூங்காவில் கரையிலிருந்து மீன் பிடிக்க உரிமம் வேண்டியதில்லை.

படி 5: விடியற்காலையில் பூவைப் பார்ப்பது

இதற்காகத்தான் இவ்வளவும். சூரியன் ஏறும் முன் எழுந்துவிடுங்கள். டெவில்ஸ் வாட்டர்ஹோல் என்ற ஏரியின் ஒதுக்குப்புறத்தை நோக்கிப் போகும் டெவில்ஸ் பேக்போன் பாதையில் நடந்தால் ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் பாறைச் சரிவு, இடுக்குகளில் பூ. நடைப்பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

ஒரு புளூபானெட் கொத்துக்குப் பக்கத்தில் பாதையோரம் மண்டியிட்டு உட்காருங்கள். உச்சியில் விரியாத மொட்டுகள் வெள்ளையாகக் குவிந்திருக்கும். முயல் வால் மாதிரி. ஸ்பானிஷ் பேசுபவர்கள் இதை முயல் என்றே அழைத்திருக்கிறார்கள். இப்போது கீழே வாருங்கள். ஒவ்வொரு பூவிலும் நிமிர்ந்து நிற்கும் இதழின் நடுவில் ஒரு பொட்டு. மேலே இருக்கும் இளம் பூக்களில் அது வெள்ளை. கீழே உள்ள முதிர்ந்த பூக்களில் அதே பொட்டு குங்கும நிறம். தேனீக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. வெள்ளைப் பொட்டைத் தேடித்தான் வந்து உட்காரும், சிவந்த பூக்களைத் தாண்டிப் போய்விடும். ஒரு தேனீயை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள், அது எங்கே இறங்குகிறது என்று. எங்கள் வீட்டுச் சின்னவள் அன்றைக்கு இருபது வரை எண்ணினாள்.

நீலத்துக்கு நடுவே ஆரஞ்சுச் சிவப்பாகத் தூரிகை மாதிரி நிற்பது இன்டியன் பெயின்ட்பிரஷ். அதில் சிவப்பாகத் தெரிபவை பூவிதழ்கள் அல்ல, நிறம் மாறிய இலைகள். உண்மையான பூ அவற்றுக்குள் வெளிறிய பச்சைக் குழலாக ஒளிந்திருக்கும். வேர் மண்ணுக்கடியில் பக்கத்துப் புல்லின் வேரைப் பற்றிக்கொண்டு உறிஞ்சும். அதனால்தான் பிடுங்கி வந்து தொட்டியில் நட்டால் பிழைப்பதில்லை. ஏப்ரல் கடைசியில் போனால் சிவப்பும் மஞ்சளுமாகச் சக்கரம்போல் பூக்கும் இன்டியன் பிளாங்கெட்டும், சப்பாத்திக்கள்ளியின் மஞ்சள் பூவும் ஆரம்பித்திருக்கும்.

பாறையின் குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தால் அங்கேயும் குனிந்து பாருங்கள். புல் மாதிரி நிற்பது குயில்வொர்ட் என்ற அரிய செடியாக இருக்கலாம், பெரணிகளுக்கு உறவு. அந்தக் குழிகளில் காலை வைக்காதீர்கள்.

படி 6: படம் எடுப்பது

பட்டுப்பாவாடைப் படம் கட்டாயம் வேண்டும், எனக்கும் வேண்டும். அதற்காகப் பூவுக்குள் பிள்ளையை உட்கார வைக்க வேண்டாம். மிதிபட்ட செடி விதை தராது, அடுத்த வருடம் அந்த இடம் வெறுமையாகிவிடும். அதோடு பாம்பு படுத்திருக்கலாம். இது ராட்டில் ஸ்நேக் இருக்கும் ஊர். பிள்ளையைப் பாதையிலேயே நிற்க வைத்து, நீங்கள் குனிந்து, கேமராவைப் பூவின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை என்று பூ சேர்ந்துகொள்ளும், நடுவில் பிள்ளை. பூவுக்குள் உட்கார்ந்த மாதிரியே படம் வரும். காலை 9 மணிக்கு முன் வெளிச்சம் மென்மையாக இருக்கும்.

புளூபானெட்டைப் பறித்தால் ஜெயில் என்று ஒரு பேச்சு இங்கே சுற்றுகிறது. இந்தப் பூவுக்கென்று தனிச் சட்டம் ஏதும் இல்லை. ஆனால் மாநிலப் பூங்காவுக்குள் எந்தச் செடியையும் பறிப்பது குற்றம்தான். பிள்ளைகள் வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள், செடியில் நச்சு உண்டு.

படி 7: கிளம்புவது

நண்பகல் 12க்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். கூடாரத் துணி பனியில் நனைந்திருக்கும், வீட்டுக்குப் போனதும் விரித்துக் காயவையுங்கள். மடித்தபடி விட்டால் ஒரே வாரத்தில் பூஞ்சை வாடை வந்துவிடும். செருப்பு அடியிலும் கூடாரத்தின் அடித்துணியிலும் ஒட்டிய மண்ணையும் விதையையும் அங்கேயே தட்டிவிடுங்கள்.

முடிந்தால் மே மாதத்தில் ஒரு பகல் மட்டும் திரும்பப் போங்கள். அப்போது நீலம் ஒன்றும் இருக்காது, காய்ந்த செடிகளில் பழுப்பு நெற்றுகள்தான். யாரும் படம் எடுக்க வர மாட்டார்கள். நல்ல வெயிலில் பாதையோரம் அசையாமல் நின்றால் நெற்று முறுக்கிக்கொண்டு வெடிக்கும் சத்தம் கேட்கும், பட் பட்டென்று. சிறு கூழாங்கல் மாதிரி விதைகள் தெறித்துப் பாறையில் விழுந்து, எங்காவது ஒரு விரிசலுக்குள் உருண்டு போகும்.