காது கேட்கும் கருவிக்கான பேட்டரி: 10, 312, 13, 675 – உங்களுடையது எது?

வேலூர் ஐடா ஸ்கடர் சாலையிலோ லாங்கு பஜார் பக்கமோ உள்ள மருந்துக் கடையில் "காது மிஷின் செல் கொடுங்கள்" என்று கேட்டால், கடைக்காரர் முதலில் கேட்பது "எந்த நம்பர்?" என்பதாகத்தான் இருக்கும். புதிதாகக் கருவி அணியத் தொடங்கியவர்களும், குடியாத்தம், ஒடுகத்தூர் போன்ற ஊர்களிலிருந்து பெற்றோருக்காக வாங்க வரும் பிள்ளைகளும் அந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். எண்ணைத் தவறாகச் சொல்லிவிட்டால் வாங்கிய அட்டை வீணாவதோடு, சில வேளைகளில் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவியில் பேட்டரி வைக்கும் சிறு கதவும் உடைந்துவிடுகிறது. வீட்டாரின் பேச்சைக் கேட்க இந்தக் கருவியை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு முதியவருக்கு, பொட்டு அளவுள்ள இந்தப் பேட்டரி சரியாக அமைவது சிறிய காரியம் அன்று. ஆகவே முதலிலிருந்தே சொல்கிறேன்.

படி 1: பழைய பேட்டரியையும் அட்டையையும் பாருங்கள்

மேசைமீது ஒரு துணியை விரித்து, அதன்மேல் கருவியை வைத்து, சிறிய கதவை நகத்தால் மெல்லத் திறந்து பேட்டரியை வெளியே எடுங்கள். பேட்டரியின் அளவைக் குறிக்க ஓர் எண் உண்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு நிறம் உண்டு. 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். எந்த நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தாலும் இந்த நிறங்கள் மாறுவதில்லை. ஆனால் நிறம் இருப்பது அட்டையிலும் பேட்டரிமேல் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலும்தான். ஸ்டிக்கரை உரித்துவிட்டால் நான்கும் வெள்ளி நிறமாகவே தெரியும். எனவே கடைசிப் பேட்டரியை எடுத்த பிறகும் அட்டையை எறியாமல், அடுத்த முறை கடைக்குப் போகும்போது கையில் எடுத்துச் செல்லுங்கள்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கருவியின்மேல் சிவப்புப் புள்ளியோ நீலப் புள்ளியோ இருந்தால், அது பேட்டரியைப் பற்றியது அன்று. சிவப்பு வலக்காதையும் நீலம் இடக்காதையும் குறிக்கின்றன. இடக்காதுக் கருவியின் நீலப் புள்ளியைப் பார்த்துவிட்டு 675 வாங்கினால் அது கதவுக்குள் நுழையவே நுழையாது.

சட்டைப் பையில் வைத்து ஒயர் மூலம் கேட்கும் பழைய வகைக் கருவிக்கு, பொதுவாகப் பென்சில் செல்லே போதும். சார்ஜ் செய்யும் வகைக் கருவியை வைத்திருப்பவர்களுக்கு இந்த விளக்கம் தேவைப்படாது.

படி 2: விட்டத்தையும் தடிமனையும் தனித்தனியாகப் பாருங்கள்

எண் கூடினால் பேட்டரி பெரிதாகும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் 312 என்பது 13ஐவிடச் சிறியது. எண்ணை ஒரு பெயராக மட்டும் வைத்துக்கொண்டு அளவுகளைப் பாருங்கள். 10இன் விட்டம் 5.8 மில்லிமீட்டர், தடிமன் 3.6. 312இன் விட்டம் 7.9, தடிமன் 3.6. 13இன் விட்டம் 7.9, தடிமன் 5.4. 675இன் விட்டம் 11.6, தடிமன் 5.4.

இவற்றுள் 312ம் 13ம்தான் அதிகம் மாறிப்போகின்றன. இரண்டையும் உள்ளங்கையில் படுக்க வைத்து மேலிருந்து பார்த்தால் வட்டம் ஒன்றுபோலவே இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால்தான் 13 ஒன்றரை மடங்கு தடிமனாக இருப்பது தெரியும். 312க்கான கதவில் 13ஐ வைத்து அழுத்தினால் கதவு மூடாது. மேலும் அழுத்தினால் கீல் முறிந்துவிடும். 13க்கான கதவில் 312ஐ வைத்தாலோ அது ஆடிக்கொண்டே இருக்கும். தலையை அசைக்கும்போதெல்லாம் ஒலி விட்டுவிட்டு வரும். கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணிப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோவதற்கு முன் இதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவிக்கு எது என்பதைப் பொதுவாக இப்படிச் சொல்லலாம். காதுத் துளைக்குள் முழுவதும் மறைந்துவிடும் கருவிக்கு 10, காதின் பின்னால் மெலிதாக அமரும் வகைகளுக்கும் துளைக்குள் அமரும் சில வகைகளுக்கும் 312, காதின் பின்னால் அமரும் சற்றுப் பெரிய கருவிக்கு 13, கடுமையான செவித்திறன் குறைபாட்டுக்கான ஆற்றல் மிகுந்த கருவிக்கு 675. காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உட்காதில் வைக்கும் கருவி) பொருத்திய சிலருடைய வெளிக்கருவிக்கும் 675தான்; ஆனால் அதற்கென்றே அதிக மின்னோட்டம் தரும் தனி வகை உண்டு. சாதாரண 675 அங்கே சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

படி 3: எண்ணோடு ஒட்டியுள்ள எழுத்துகளைக் கண்டு குழம்ப வேண்டாம்

ஒரு நிறுவனம் பி312 என்று அச்சிடும். மற்றொன்று ஏ312 அல்லது இசட்ஏ312 என்று அச்சிடும். மூன்றும் ஒரே அளவுதான். பன்னாட்டுத் தரக் குறியீடாகப் பிஆர் என்று தொடங்கும் எண்ணும் அட்டையில் இருக்கும்: 10க்குப் பிஆர்70, 312க்குப் பிஆர்41, 13க்குப் பிஆர்48, 675க்குப் பிஆர்44.

கடைசியாகச் சொன்ன பிஆர்44ஐச் சற்று நின்று கவனியுங்கள். கால்குலேட்டருக்கும் விளையாட்டுப் பொருளுக்கும் போடும் எல்ஆர்44 என்ற பட்டன் செல்லும் விட்டம் 11.6, தடிமன் 5.4 மில்லிமீட்டர்தான். பெயரும் அளவும் ஒத்திருப்பதால் கடிகாரக் கடையில் இதையே 675 என்று எடுத்துக் கொடுத்துவிடக்கூடும். கதவுக்குள் அது அழகாக உட்காரும், கருவியும் ஒலிக்கும். ஆனால் 675இன் கொள்ளளவு, அதாவது அது தரக்கூடிய மொத்த மின்சாரம், 600 மில்லி ஆம்பியர் மணி என்ற அளவைத் தாண்டும்; எல்ஆர்44இன் கொள்ளளவு அதில் நான்கில் ஒரு பங்கு அளவே. காது கேட்கும் கருவிக்கான பேட்டரியில் நிற ஸ்டிக்கரும் அதன் அடியில் ஊசிமுனைத் துளைகளும் இருக்கும். மற்றதில் இரண்டும் இருக்காது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

படி 4: எத்தனை நாள் வரும் என்று கணக்கிடுங்கள்

தோராயமாக 10இன் கொள்ளளவு 90 முதல் 100 மில்லி ஆம்பியர் மணி, 312க்கு 160 முதல் 180, 13க்கு 280 முதல் 310. எடுத்துக்காட்டாக, ஒரு கருவி 1.5 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் எடுத்துக்கொள்கிறது, அதை நாளொன்றுக்கு 12 மணி நேரம் அணிகிறீர்கள் என்றால், ஒரு நாள் செலவு 18 மில்லி ஆம்பியர் மணி ஆகிறது. 180 உள்ள 312 பத்து நாள் வரும். 300 உள்ள 13 பதினாறு நாள் தாண்டும். கருவியை ப்ளூடூத் மூலம் செல்போனோடு இணைத்து நெடுநேரம் பேசுபவர்களுக்கும் பாட்டுக் கேட்பவர்களுக்கும் இந்த நாள்கள் குறையும். செவித்திறன் குறைபாடு அதிகமாக இருந்தாலும் செலவு கூடும் என்பதால், அடுத்த வீட்டுக்காரருக்கு எத்தனை நாள் வந்தது என்பதை வைத்து உங்கள் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது.

படி 5: ஸ்டிக்கரை உரித்த பின் காத்திருங்கள்

நான்கு அளவுகளும் துத்தநாகமும் காற்றும் சேர்ந்து மின்சாரம் தரும் வகையைச் சேர்ந்தவை. துளைகளின் வழியே நுழையும் ஆக்சிஜன் உள்ளே இருக்கும் துத்தநாகத்தோடு வினைபுரிகிறது. வேண்டிய ஆக்சிஜனை வெளியிலிருந்தே பெற்றுக்கொள்வதால் உள்ளே துத்தநாகத்துக்கு அதிக இடம் கிடைக்கிறது. இவ்வளவு சிறிய உருவத்தில் இவ்வளவு ஆற்றல் அடங்கியிருப்பதற்குக் காரணம் அதுவே. ஸ்டிக்கரை உரித்தவுடன் கதவை மூடிவிடாமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை பேட்டரியைத் திறந்தபடி வைத்திருந்தால் காற்று நன்றாக உள்ளே போகும். எண்ணெயோ விபூதியோ ஒட்டிய விரலால் துளைகளைத் தொடாதீர்கள். துளைகள் இருக்கும் தட்டையான பக்கம்தான் பிளஸ். கதவில் போட்டுள்ள பிளஸ் குறியோடு அதைச் சேர்த்து வையுங்கள்.

ஒருமுறை உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினாலும் உள்ளே தொடங்கிய வினை நிற்காது. ஆகவே முன்கூட்டியே உரித்து வைக்க வேண்டாம்.

நம் வேலூர்ப் பக்கத்து வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அக்கினி நட்சத்திர நாள்களில் 40 டிகிரியைத் தாண்டும் வெப்பத்தில் உள்ளே இருக்கும் ஈரம் துளைகள் வழியே வற்றிப்போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளி ஈரம் உள்ளே புகுகிறது. இரண்டுமே ஆயுளைக் குறைக்கும். அட்டையைப் பைக்கின் பெட்டியிலோ ஜன்னல் ஓரத்திலோ வைக்காதீர்கள். ஃபிரிட்ஜிலும் வேண்டாம், வெளியே எடுக்கும்போது அதன்மேல் நீர் முத்துமுத்தாகப் படியும். இரவில் கருவியின் கதவைத் திறந்து வையுங்கள். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் கருவியை உலர்த்தும் பழக்கம் இருந்தால், பேட்டரியை எடுத்துவிட்டுக் கருவியை மட்டும் உள்ளே வையுங்கள்.

படி 6: பாதுகாப்பு

இதில் அலட்சியம் கூடவே கூடாது. பார்வை மங்கிய முதியவர்கள் பேட்டரியை மாத்திரை என்று விழுங்கிவிடுவது உண்மையில் நடப்பதுதான். மாத்திரை டப்பாவும் பேட்டரி அட்டையும் ஒரே அலமாரித் தட்டில் இருக்கவே கூடாது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் தீர்ந்துபோன பேட்டரியும் ஆபத்தானதே. பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே கடும் புண் ஏற்படலாம். விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே வாந்தி எடுக்க வைக்க முயலாமல், சி.எம்.சி.யோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ எது அருகில் இருக்கிறதோ அங்கே உடனே செல்லுங்கள். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் அப்படியே.

இனிமேல்தான் கருவி வாங்கப் போகிறீர்கள் என்றால்

வெளியே தெரியாத சிறிய கருவிதான் வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம்; அந்த விருப்பத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விரல் நடுங்கும் எழுபது வயதுக்காரரால் வாரந்தோறும் 5.8 மில்லிமீட்டர் பேட்டரியைத் தாமாக மாற்ற முடியாது. மாற்றித்தர ஆள் வரும்வரை அவர் காது கேளாமலே உட்கார்ந்திருப்பார். காதைச் சோதிப்பதைப் போலவே விரலையும் சோதித்துப் பார்த்து அளவை முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கருவியைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் சிறு பிரஷ் சிலவற்றின் முனையில் ஒரு காந்தம் இருக்கும். பேட்டரியை எடுக்க அது மிகவும் உதவும். பணம் கட்டுவதற்கு முன் "நைனா, நீங்களே ஒருமுறை போட்டு எடுங்க" என்று கருவியை அப்பாவின் கையில் கொடுத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் 13 பொருந்தும் மாதிரியைக் காட்டச் சொல்லுங்கள். அது அவருடைய செவித்திறன் குறைபாட்டிற்கு ஏற்றதா என்பதைக் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் அங்கேயே சொல்லிவிடுவார்.