நீலகிரி மலைப்பாதையில் மின்கார்: சார்ஜைக் கணக்கிட்டு ஏறவும் இறங்கவும் ஒரு கையேடு

மின்கார் வாங்கியவர்கள் முதன்முறையாக ஊட்டிக்குக் கிளம்பும்போது கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு முழு சார்ஜில் வண்டி மேலே போய்ச் சேருமா? மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி ஏறக்குறைய 52 கிலோமீட்டர். விளம்பரங்களில் வரும் 300, 400 கிலோமீட்டர் என்ற எண்களோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டாகவே தோன்றாது. ஆனால் மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்திலும், ஊட்டி 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இடைப்பட்ட 1,900 மீட்டருக்கு வண்டியை உயர்த்த ஆகும் மின்சாரம், அதே 52 கிலோமீட்டரைச் சமவெளியில் ஓட்ட ஆகும் மின்சாரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே மலைக்கு வருபவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது, உயரத்தை வைத்துச் சார்ஜைக் கணக்கிடும் முறையைத்தான்.

கணக்கு கடினமானதன்று. ஒரு டன் எடையை 100 மீட்டர் உயர்த்த 0.27 யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரம் தேவை. இதை எந்தத் தொழில்நுட்பத்தாலும் குறைக்க முடியாது. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 1,600 கிலோ வரும் காருக்கு, மோட்டாரிலும் பேட்டரியிலும் ஏற்படும் இழப்பையும் கூட்டினால், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் அரை யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். 1,900 மீட்டருக்கு ஒன்பதரை யூனிட். மலையில் மெதுவாகச் செல்லும்போது கிலோமீட்டருக்கு 0.1 யூனிட் வீதம் 52 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 யூனிட். மொத்தம் பதினான்கரை; அதாவது 30 யூனிட் பேட்டரி கொண்ட காரில் சரிபாதி. கோவையிலிருந்து புறப்படுபவர் மேட்டுப்பாளையம் வரையிலான 35 கிலோமீட்டருக்கு இன்னும் நான்கைந்து யூனிட்டைச் சேர்த்துக்கொண்டால், ஊட்டியின் மையச் சந்திப்பான சேரிங்கிராஸை அடையும்போது பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மிஞ்சியிருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டு டன்னைத் தாண்டும் பெரிய எஸ்.யு.வி. என்றால் 100 மீட்டருக்கு அரை யூனிட்டுக்குப் பதிலாக 0.65 யூனிட் போட்டுக்கொள்ளுங்கள். பழனி மலையில் 2,133 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்கு ஏறுபவர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

ஏறும்போது டேஷ்போர்டில் தெரியும் மீதிக் கிலோமீட்டரை நம்ப வேண்டாம். சற்று முன் ஓடிய தூரத்துக்கு எவ்வளவு மின்சாரம் செலவானதோ, அதே வீதத்தில் இனியும் செலவாகும் என்று வைத்துக்கொண்டுதான் வண்டி அந்த எண்ணைக் காட்டுகிறது. மலையடிவாரத்திலுள்ள கல்லாறு தாண்டி நான்கு வளைவு ஏறுவதற்குள் அந்த எண் மளமளவென்று சரிவதைப் பார்த்துப் பதறி, நடுவழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்குபவர்களும் உண்டு. சார்ஜ் விழுக்காட்டை மட்டும் கவனியுங்கள். குன்னூருக்குக் கீழே பாதையிலுள்ள பர்லியாரில் எவ்வளவு, குன்னூரில் எவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தால் மனம் அமைதியாக இருக்கும். ஏற்றத்தில் மின்காருக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைவதால் சாதாரண பெட்ரோல் என்ஜினின் திறன் குறைந்துவிடும். காற்றை உள்ளிழுக்கத் தேவையில்லாத மின்மோட்டாரின் இழுவை அப்படியே இருக்கும். அந்தத் தெம்பில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலிருந்தும் விருட்டென்று கிளம்பினால் பேட்டரி சூடாவதுதான் மிச்சம். சீரான வேகமே போதும்.

இறங்கும்போது செய்ய வேண்டியவை

இந்தக் கையேட்டில் ஒரு பகுதியை மட்டுமே படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஏற்றத்தில் தவறு செய்தால் வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் தவறு செய்தால் உயிருக்கே ஆபத்து.

ஊட்டியில் நிற்கும் 1,600 கிலோ கார், மேட்டுப்பாளையத்தோடு ஒப்பிட, 8 யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட ஆற்றலைத் தன் உயரத்தாலேயே பெற்றிருக்கிறது. உயரத்தில் தேங்கிய நீரை விழவைத்து மின்சாரம் எடுக்கும் வேலையை இதே மாவட்டத்தில் பைக்காரா மின்நிலையம் 1932 முதல் செய்து வருகிறது. இறங்கும் மின்கார் செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் வேகத்தைப் பிடித்திழுத்து, அந்த ஆற்றலை மின்சாரமாகப் பேட்டரிக்கு அனுப்புகிறது. இதைத்தான் ரீஜென் பிரேக் என்கிறார்கள். டயர் உராய்வுக்கும் காற்றுத்தடைக்கும் விளக்கு, மின்விசிறி போன்றவற்றுக்கும் போனது போக, பதமாக இறக்கினால் மேட்டுப்பாளையம் சேரும்போது 2 முதல் 3 யூனிட் வரை பேட்டரியில் கூடியிருக்கும்.

அப்படிக் கூடுவதற்குப் பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். 100 விழுக்காடு நிரம்பிய பேட்டரி புதிய மின்சாரத்தை ஏற்காது. ஏற்காதபோது ரீஜென் பிடிக்காது. வண்டியின் முழு எடையையும் சாதாரண பிரேக்கே தாங்க வேண்டியிருக்கும். சமவெளியில் இதன் வேறுபாடே தெரியாது. குன்னூருக்குக் கீழே, 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதையில், வண்டி இரண்டு டன்னுக்கு அருகில் இருக்கும்போது தெரியும். பர்லியாரில் தேநீர் குடிக்க நிறுத்தினால், பிரேக் லைனர் கருகும் காரமான வாடையோடு வந்து நிற்கும் வேன்களையும், சக்கரத்திலிருந்து எழும் புகையையும் பார்க்கலாம். அதற்கு மேலும் சூடேறினால் பிரேக் மிதியை முழுக்க அழுத்தினாலும் வண்டி நிற்காத நிலை வரும். ரீஜென் இல்லாத மின்கார் அந்த வேனைவிட எந்த வகையிலும் மேலானதன்று. பேட்டரியின் எடையால் இன்னும் மோசம் என்றும் சொல்லலாம்.

ஆகவே மலையிலிருந்து இறங்கும் நாளில் 80 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள். தங்கும் விடுதியில் இரவெல்லாம் சார்ஜில் போட்டுவிட்டுக் காலையில் முழுப் பேட்டரியோடு கிளம்புவது ஊரில் நல்ல பழக்கமாக இருக்கலாம். மலையில் அது கூடாது. பெரும்பாலான கார்களின் செயலியில் சார்ஜ் உச்சவரம்பை அமைக்க முடியும். அந்த வசதி இல்லாத வண்டியில், நேரத்தைக் கணக்கிட்டு நீங்களே நிறுத்த வேண்டியதுதான். குன்னூரில் தங்குபவர்கள் இதில் கூடுதலாகக் கவனம் செலுத்த வேண்டும். ஊட்டியிலிருந்து வருபவர் குன்னூர் வரை 400 மீட்டர் அளவே இறங்குகிறார். செங்குத்தான 1,500 மீட்டர் இறக்கம் குன்னூருக்குக் கீழேதான் தொடங்குகிறது. மே மாத சீசனில் போக்குவரத்தை ஒருவழியாக்கி, இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாக அனுப்புவது வழக்கம். அந்த வழியில் முதலில் தொட்டபெட்டா சந்திப்பு வரை ஏற்றம், அதன் பிறகே இறக்கம் என்பதையும், தூரமும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் கூடுதல் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கியர் வண்டிகளை இரண்டாம் கியரில் இறக்குவதுபோல, மின்காரில் ரீஜென் அளவை உயர்ந்த நிலையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளைப் போன்ற செங்குத்தான இடங்களில் இது கட்டாயம். மழையில் சாலையெங்கும் சீகை இலைகள் உதிர்ந்து கிடக்கும்போது மட்டும் ஒரு நிலை குறைத்துக்கொள்வது நல்லது. ரீஜென் மோட்டார் இணைந்த சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால், வழுக்கும் வளைவில் அந்தச் சக்கரங்கள் பிடிமானம் இழக்கக்கூடும். இன்னொன்று: ரீஜெனையே நம்பி ஓட்டுபவர்களின் பிரேக் டிஸ்க், ஊட்டியின் ஈரக்காற்றில் துருப்பிடிக்கும். வாரத்துக்கு ஓரிரு முறை பிரேக்கை நன்றாக அழுத்தி நிறுத்திப் பழகினால் அது தேய்ந்து சுத்தமாகிவிடும்.

எந்தப் பேட்டரி, எப்போது சார்ஜ்

இன்று இந்தியாவில் விற்கும் மின்கார்களில் பெரும்பகுதி எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் ஓடுகிறது. 2019 ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் குடினஃப் குழுவினர் 1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் வெளிக்கொணர்ந்த பொருள் இது. நிக்கலும் கோபால்ட்டும் இல்லாததால் விலை குறைவு; நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்.எம்.சி. பேட்டரியைவிட அதிக முறை சார்ஜ் செய்யலாம், எளிதில் தீப்பற்றாது. எடைக்கு எடை பார்த்தால் கொள்ளளவு குறைவு என்பதும், குளிரில் சற்றுக் கூடுதலாகச் சோர்ந்துவிடும் என்பதும் இதன் குறைகள். மலையில் வசிப்பவருக்கு எது ஏற்றது என்று கேட்டால், எல்.எஃப்.பி. என்றே சொல்வேன். பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது முதன்மையாக வெப்பம். நம் மலையின் மிதமான தட்பவெப்பம் அதற்கு வரப்பிரசாதம்.

ஆனால் எல்.எஃப்.பி. பேட்டரியில் ஒரு சிக்கல் உண்டு. சார்ஜ் குறையும்போதும் அதன் மின்னழுத்தம் நெடுநேரம் மாறாமல் இருப்பதால், எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை வண்டியால் துல்லியமாகக் கணிக்க முடியாது. அதனால்தான் அவ்வப்போது 100 விழுக்காடு வரை சார்ஜ் செய்யும்படி நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. இதற்கும் மேலே சொன்ன 80 விழுக்காட்டு வரம்புக்கும் முரண் இருப்பதாகத் தோன்றலாம். முழு சார்ஜை ஏறுவதற்கு முன் சமவெளியிலோ, மலையிலேயே வசிப்பவரானால் இறங்க வேண்டிய வேலை இல்லாத நாளிலோ வைத்துக்கொண்டால் போதும்.

டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, அவலாஞ்சிப் பகுதிகளில் உறைபனி விழும். சுழியத்துக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பேட்டரியில் வேகமாக மின்சாரத்தைச் செலுத்தினால், லித்தியம் எதிர்மின்வாய்க்குள் புகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்து, பேட்டரியை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். இதைத் தடுக்கவே பேட்டரியின் கட்டுப்பாட்டுக் கருவி சார்ஜின் வேகத்தைக் குறைக்கிறது அல்லது அறவே நிறுத்துகிறது. கண்ணாடியில் பனி படர்ந்த அதிகாலையில் பிளக்கைச் செருகிவிட்டு, சார்ஜ் ஏறவில்லையே என்று சார்ஜரைக் குறைசொல்வதில் பயனில்லை. ஓடி வந்த சூடு பேட்டரியில் இருக்கும்போதே, மாலையில் வண்டியை நிறுத்திய கையோடு சார்ஜில் போட்டுவிடுங்கள். குளிர்ந்த பேட்டரி ரீஜெனையும் குறைவாகவே ஏற்கும் என்பதால், இறங்குபவர்கள் பனிக்காலத்தில் வெயில் ஏறிய பின் கிளம்புவது பாதுகாப்பானது.

சோடியம் அயனி பேட்டரிகள் குளிரை நன்றாகத் தாங்குபவை; சீனாவின் சி.ஏ.டி.எல். நிறுவனம் 2021 இல் அவற்றை அறிமுகப்படுத்தியது. திடநிலை பேட்டரிகளைப் பற்றியும் நிறையப் பேசப்படுகிறது. அவற்றுக்காகக் காத்திருந்து வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வேகமாகச் சார்ஜ் செய்ய வேண்டுமானால் மேட்டுப்பாளையத்திலேயே முடித்துவிட்டு ஏறுங்கள். சீசனில் மேலே வரிசை நீளும். தென்மேற்குப் பருவமழையில் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்கள் மின்கம்பியில் சாய்ந்து பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போவதும் உண்டு. நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் நடைமுறையிலுள்ள இ-பாஸைப் பதிவு செய்யும்போதே, தங்கும் இடத்தில் சார்ஜ் வசதி உண்டா என்றும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். "பிளக் இருக்கிறது" என்ற பதில் போதாது. 3.3 கிலோவாட் சார்ஜர் மணிக்கணக்கில் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய பங்களாக்களில் கீசருக்காகப் போட்ட பவர் பிளக் அரை மணி நேரத்துக்கு அதைத் தாங்கலாம், இரவு முழுக்கத் தாங்காது. சார்ஜில் போட்டு இருபது நிமிடம் கழித்துப் பிளக்கின் தலையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பலகை வேண்டவே வேண்டாம். வீட்டில் புதிதாக அமைப்பவர்கள் தனி இணைப்பாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும், மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் போட்டு, எர்த் குழியை எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பாறை நிலத்தில் எர்த் சரியாக அமைவது கடினம். எர்த் சரியில்லையென்றால் பல கார்கள் சார்ஜே ஏற்காது.

மழையில் பேட்டரிக்கு ஆபத்தில்லை. ஐ.பி.67 தரம் பெற்ற பேட்டரிப் பெட்டி ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் இருந்தும் நீர் புகாமல் சோதனையில் தேறியிருக்க வேண்டும். மண்சரிந்து வெள்ளம் குறுக்கிடும் சாலையில் இறங்குவதற்கு அது அனுமதிச்சீட்டு ஆகாது. நடுவழியில் நின்றுவிட்ட மின்காரைக் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது; இழுக்கும்போது சக்கரம் சுழன்று மோட்டார் மின்சாரத்தை உண்டாக்கிச் சேதம் விளைவிக்கும். நான்கு சக்கரமும் தரையில் படாதபடி ஏற்றிச்செல்லும் வண்டியைத்தான் வரவழைக்க வேண்டும். மலைப்பாதையில் அது வந்துசேர நேரமாகும் என்பதால், எந்தக் கணக்கிலும் 15 விழுக்காட்டைக் கையிருப்பாக விட்டுவையுங்கள். பலாப்பழக் காலத்தில் பர்லியாரிலும் கோத்தகிரிப் பாதையிலுள்ள குஞ்சப்பனையிலும் யானைகள் சாலைக்கு வரும். மின்காரின் ஓசை அவற்றுக்கு எளிதில் கேட்காது. வளைவுகளில் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, யானையைக் கண்டால் தொலைவிலேயே நின்றுவிடுங்கள்.

மின்ஸ்கூட்டரில் ஏற விரும்புபவர்களுக்கும் அதே கணக்குத்தான். வண்டியும் இரண்டு ஆட்களும் சேர்ந்து 250 கிலோ என்றால் 100 மீட்டருக்கு 0.08 யூனிட், ஊட்டி வரை உயரத்துக்கு ஒன்றரை யூனிட், தூரத்துக்கு ஒன்றேகால் யூனிட்டுக்கு மேல். 3 யூனிட் பேட்டரியில் இது விளிம்புக்கணக்கு. மோட்டார் சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் கூடும். குன்னூர் வரை ஏற இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். அங்கே ஓரிரு மணி நேரம் வண்டியை ஆறவிட்டு, சார்ஜும் ஏற்றிக்கொண்ட பிறகே ஊட்டிக்குப் புறப்படுங்கள்.